தண்டக் கணக்கு

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் 3 வருஷம் கணக்கு எழுதினேன். ஊறல் தொட்டி, அவியல் கொப்பரை, உமி எரியும் அடுப்பு, ஊர் மந்தை அளவுக்கு ஒரு சிமென்ட் களம். பெண்கள் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே வெயிலில் நடப்பார்கள். ஆண்கள் 75 கிலோ மூட்டையை முதுகில் வாங்கி லாரிக்கு ஏற்றுவார்கள்.

களத்து மேஸ்திரியை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். புதுப் பையன் வந்தால், "கழுத்துல வாங்காதடா, நரம்பு போயிடும்" என்று பக்கத்தில் நின்று மூட்டை தூக்கச் சொல்லிக்கொடுப்பார். களத்துக்கு வந்த ஒரு பெண்ணின் கைக்குழந்தைக்குத் தன் வேட்டியைக் கிழித்துத் தூளி கட்டினார். அதை நான் கண்ணால் பார்த்தேன். அடித்தவரும் அவர்தான் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் காலமாகி மகன் முதலாளியானார். அவர் யார்மேலும் கை வைத்ததில்லை, சத்தம் போட்டுப் பேசியதும் கிடையாது. காலையில் எல்லோரையும் நிறுத்தி ஒருவனைக் காட்டி, "இவன் நேத்து எத்தன மூட்ட தூக்குனான், நீங்களே சொல்லுங்க" என்பார். யார் முந்திக்கொண்டு காட்டிக்கொடுக்கிறானோ அவனுக்கு அன்றைக்கு டீ, பன். ஒரு மாசத்தில் சொல்வதற்குப் போட்டி வந்துவிட்டது. இரண்டாவது மாசத்தில், சொல்லும்போது பிடரியில் ஒரு தட்டும் தட்டிச் சொன்னார்கள். முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எல்லோரும் ஏங்கியதை நான் பார்த்தேன்.

குறுவை நெல் வந்து குவியும் ஐப்பசி. மழையும் அப்போதுதான் வரும். மதியம் திடீரென்று பிடித்த மழையில், படுதா இழுக்க வேண்டிய பையன் சாப்பிடப் போயிருந்தான். அவித்த நெல் நனைந்துவிட்டது. முதலாளி வந்து பார்த்தார். "பொறுப்புன்னா என்னன்னு இவனுக்கு யாராவது சொல்லிக் குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவ்வளவுதான் சொன்னார். கார் கேட்டைத் தாண்டுவதற்குள் 4 பேர் அவனைத் தூணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி படுதாக் கயிற்றை இரண்டாக மடித்தார்.

கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் முதலாளி என்னிடம், "நஷ்டத்த அவன் பேர்ல எழுதிடு" என்றார். தண்டம் என்ற கலத்தில் 300 ரூபாய் என்று எழுதினேன். மேஸ்திரிக்குக் கொடுத்த 100 ரூபாயை இதர செலவில் எழுதினேன்.

பிறகு முதலாளி வைத்தியத்துக்காக 15 நாள் சென்னை போனார். இனி கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்தேன். அந்த 15 நாளில்தான் அடி அதிகமானது. வெளியூரிலிருந்து அவர் போன் செய்யும்போது சொல்ல ஏதாவது வேண்டுமே என்று செய்தார்கள். என்ன சொன்னால் அவருக்குப் பிடிக்கும் என்று ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருந்தது. அவர் நேரில் இருந்திருந்தால் ஓர் அளவோடு நின்றிருக்குமோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

எங்கள் பாட்டி சாணிப்பால், சவுக்கடி பற்றிச் சொல்வாள். கீழத்தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாட்களுக்குக் கொடுத்த தண்டனை அவை. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது, கட்டிவைத்துச் சவுக்கால் அடிப்பது. அவள் கதையில் மிராசுதார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், சவுக்கு காரியக்காரன் கையில் இருக்கும். பண்ணைக் கணக்குப்பிள்ளை அதைக் கணக்கில் எழுதினானா என்று நான் அப்போது கேட்கவில்லை.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். தவறாக விடை சொல்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு. கொடுத்தவர்களுக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். பலரும் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள். என்னைத் தூங்கவிடாதது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. சுவிட்சை வேறொருவர் அழுத்துவார், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மற்ற வேலையைப் பார்த்தால் போதும் என்று ஆக்கியபோது, 40 பேரில் 37 பேர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

மற்றொரு முறை, கூட இருந்த இரண்டு பேர் முடியாது என்று எழுந்தார்கள். அதைப் பார்த்து 40 பேரில் 36 பேர் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி கயிற்றை மடித்தபோது எனக்கும் அவருக்கும் இடையே 20 அடிதான் இருக்கும். அவர் என்மேல் மரியாதை வைத்திருந்தவர். "அண்ணே, வேண்டாம்" என்று ஜன்னலைத் தட்டியிருந்தால் நிறுத்தியிருப்பார் என்றே நம்புகிறேன். தட்டவில்லை.

போன வருஷம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது அவரைப் பார்த்தேன். கேட் மூடினால் அங்கே சீக்கிரம் திறக்காது. நுங்கு விற்றுக்கொண்டிருந்தார், நன்றாக வயசாகிவிட்டது. அவர்தான் என்னை அடையாளம் கண்டு ஜன்னலோரம் வந்தார். சௌக்கியம் விசாரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"கணக்குப்புள்ள, அந்தப் பையன் எந்த ஊருன்னு உங்க நோட்டுல இருந்திருக்குமே?"

என் நோட்டில் அவன் பேர் இருந்தது, 300 ரூபாய் இருந்தது. ஊர் எழுதும் கலம் அதில் இல்லை. அதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, நான் கேட்காமலே 2 நுங்கு சீவி இலையில் வைத்துக் கொடுத்தார்.