அப்பப்பாவின் இடது கை

அப்பப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஐந்து மாதம். இடது கையை மடக்கி நீட்டச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொக்குவில் வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் நாய் ஜிம்மி வந்து படுக்கத் தொடங்கிய பிறகுதான் மாற்றம். பாண் துண்டை அந்தக் கையிலேயே பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து அதற்குக் கொடுக்கிறார். பிறகு காதுக்குப் பின்னால் தடவுகிறார். நேற்று "ஜிம்மி, வாடா" என்று தெளிவாகக் கூப்பிட்டார். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார், கண் கலங்கிவிட்டது.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 249 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019 இல் வெளியானது. நாய், பூனைகளோடு 10 நிமிடம் இருந்து தடவிக்கொடுத்தவர்களுக்குக் கோர்டிசோல் என்ற மன அழுத்த ஓமோன் குறைந்திருந்தது. எனக்கு அது இப்போதுதான் விளங்குகிறது.

மருந்து, பயிற்சி எதையும் நிறுத்தவில்லை. ஜிம்மிக்கு விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னமே கதிரையடியில் வந்து காத்திருக்கிறது.