வாஷிங் மெஷின் தாலாட்டு

மகள் பிறந்து 47 நாள் ஆகிறது. இரவு இரண்டு மணிக்கு அழத் தொடங்கினால் தோளில் போட்டு நடந்தாலும் பாடினாலும் அடங்குவதில்லை, ஆனால் வாஷிங் மெஷின் நிமிடத்துக்கு 1200 சுற்று வேகத்தில் துணி பிழிய ஆரம்பித்ததும் கண்ணை மூடிவிடுகிறாள். வயிற்றுக்குள் அம்மாவின் ரத்த ஓட்டச் சத்தத்தை விடாமல் கேட்டு வளர்ந்தவளுக்கு இந்த இரைச்சல் பழகியதுதானாம்.

எனக்கும் அப்படி ஒரு சத்தம் உண்டு. அப்பா ஸ்கூட்டரில் கூட்டிப்போன, சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத் திடலில் வேலியோரம் நின்று கேட்ட இன்ஜின் சத்தம். 2005இல் அமெரிக்காவின் இன்டியானாபோலிசில் நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்தபோது ஆறு கார்தானே ஓடியது என்றார்கள். இருக்கட்டும், கோவையிலிருந்து போய் ஃபார்முலா 1 காரில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர், எனக்கு அது இன்றும் பெரிதுதான்.

இப்போது சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பந்தயம் பார்க்கிறேன், இவள் நெஞ்சில் தூங்குகிறாள். 2023 கத்தார் ஃபார்முலா 1 பந்தயத்தின் நடுவே மெக்லாரன் குழு 1.80 வினாடியில் நான்கு டயரையும் மாற்றியது, அவரவர் வேலை அவரவருக்குத் தெரியும். நள்ளிரவில் டயப்பர் மாற்றும்போது எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா விளக்கைப் போடுவார், மனைவி பஞ்சை நனைப்பாள், நான் காலைப் பிடித்துக்கொள்வேன், யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

அப்புறம், கொஞ்சம் வளர்ந்ததும் காதுக்கு நல்ல மூடி மாட்டி இவளையும் இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போக வேண்டும். அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.