ஓடைத் தண்ணீருக்கு வயசு பார்த்த கதை

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன ஓடை, கோடையிலும் வற்றாது. அதில் ஓடுவது எப்போது பெய்த மழை என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. வாரம் ஒரு பாட்டில் ஓடையில், மழை பெய்தால் ஒரு பாட்டில் மழைமானியில், இவ்வளவுதானே என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

இதற்கு நீலகிரி தோதான இடம். தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்கு மழையில் ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் என்ற கனமான ஐசோடோப்புகள் (ஆக்சிஜன், ஹைட்ரஜன் அணுக்களிலேயே எடை கூடிய வகைகள்) குறைவு. மழையில் அந்தக் கனமானவற்றின் அளவு வருஷம் முழுக்க ஏறி இறங்கும். அதே மழை மண்ணுக்குள் இறங்கி, பழைய தண்ணீரோடு கலந்து ஓடைக்கு வருவதற்குள் அந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்க அடங்க வயசு கூடுதல் என்று அர்த்தம்.

சொதப்பியது பாட்டிலில். முதல் சில மாதங்கள் பாதி நிரம்பிய பாட்டில்களை அறையிலேயே அடுக்கி வைத்திருந்தேன். மேலே காற்று இருந்தால் தண்ணீர் ஆவியாகும், லேசானது முதலில் கிளம்பிவிடும், மிச்சத்தில் கனமானது கூடும். ஆக, நான் அளந்தது ஓடையை அல்ல, என் சோம்பேறித்தனத்தை. மழைமானியில் ஆவியாகாமல் இருக்கப் பாரஃபின் எண்ணெய் ஊற்றியிருந்தேன், ஐசோடோப்பை அளக்கும் லேசர் கருவிக்கு எண்ணெய் ஆகாது என்று ஆய்வகத்தில் அந்த மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் புனலிலிருந்து ஒரு மெல்லிய குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டேன். குழாயின் நுனி தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் எண்ணெயே வேண்டாம். நான் ஊருக்குப் போகும் வாரங்களில் தோட்டத்து வாட்ச்மேன் அண்ணன்தான் பாட்டில் மாற்றுவார், "விளிம்பு வரைக்கும், குமிழி இல்லாம" என்று அவருக்குச் சொல்லிச் சொல்லியே எனக்கும் அது பழக்கமானது.

கணக்குக்கு வந்தால் அங்கேயும் ஒரு அடி. மழையின் ஆட்டம் 10 என்றால் ஓடையில் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள், வழக்கமான சூத்திரம் சராசரி வயசு ஒன்றரை வருஷத்துக்குச் சற்று மேல் என்று சொல்லும். அதைப் பெருமையாக எழுதிக் கொண்டுபோனேன். என் ஆய்வு வழிகாட்டி மேடம் 2016-இல் நீரியல் ஆய்வாளர் ஜேம்ஸ் கிர்ச்னர் எழுதிய கட்டுரைகளைக் கையில் கொடுத்தார். ஒரே நீர்ப்பிடிப்புக்குள் சில சரிவுகளில் தண்ணீர் சீக்கிரம் வடியும், சிலவற்றில் வருஷக்கணக்கில் தங்கும். எல்லாம் ஓடையில் கலந்தபின் அந்தச் சூத்திரத்தைப் போட்டால் உண்மையான சராசரியைவிட மிகக் குறைவாகவே வரும். நம்பக்கூடியது அந்த விகிதம் மட்டும்தான்: ஓடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, இரண்டு மூன்று மாதத்துக்குள் பெய்த மழை. மிச்சமெல்லாம் அதைவிடப் பழசு, எவ்வளவு பழசு என்று இந்த முறை சொல்லாது.

சரி, அதற்கு டிரிட்டியம் இருக்கிறது, ஹைட்ரஜனின் கதிரியக்க வகை, மழையோடு வந்து தானாகவே சிதைந்து குறையும், மிச்சத்தை வைத்து வயசு பார்க்கலாம். அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 வருஷம். அதை அளக்கத்தான் இப்போது ஒரு லிட்டர் பாட்டில்கள். போன வாரம் பெட்டியோடு போய் இறங்கியதும் வாட்ச்மேன் அண்ணன் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "இதுவும் விளிம்பு வரைக்கும்தானே தம்பி?"