கணக்கில் பணம் இருந்தும் சம்பளம் போட முடியாத மாதம்

மூன்று வருட மானியம் கையெழுத்தாகி முதல் தவணையும் வந்துவிட்டது. நான்காவது மாதம் கணக்காளருக்குச் சம்பளம் போடப் பணமில்லை. வங்கிக் கணக்கில் தொகை இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் ஒரு காசுகூடத் தொட முடியாது, ஏனென்றால் அது முழுக்கக் காடு மீட்பு என்ற செலவுத் தலைப்புக்காக வந்த பணம். வாடகை, தணிக்கை, காப்பீடு, கணக்கு எழுதுபவர், மானிய அறிக்கை தயாரிக்கும் நிதி திரட்டல் குழு என எல்லாமே அந்தத் தலைப்புக்கு வெளியே நின்றன. பெரிய மானியம் வாங்கியதால் வறுமைப்பட்ட கதை இது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளில் நிதி திரட்டல் குழுவை நடத்துபவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எங்கே சறுக்கினோம் என்பது அடுத்து வருபவருக்குப் பயன்படலாம்.

முதல் சறுக்கல் சதவீதத்தில். வாடகை, தணிக்கை போன்ற மறைமுகச் செலவுக்குப் பத்து சதவீதம்வரை கேட்கலாம் என்று மானியம் தருபவரின் விதிமுறையில் இருந்தது. எதில் பத்து? நாங்கள் மொத்த பட்ஜெட்டில் என்று எடுத்துக்கொண்டோம். மொத்தம் 100 என்றால் திட்டச் செலவு 90, மறைமுகச் செலவு 10. மானியம் தருபவர் கணக்கில் அது நேரடிச் செலவில், அதாவது திட்டச் செலவில் பத்து, அதாவது 90க்கு 9. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுதான். ஆனாலும் முன்மொழிவு திரும்பி வந்தது. மொத்தம் மாறியதால் தவணை அட்டவணை மாறியது, அதனால் செயல்திட்டம் மாறியது, அதனால் நிர்வாகக் குழுவின் ஒப்புதல் கடிதத்தில் இருந்த தொகையும் மாறியது. கடிதத்தை மறுபடி கையெழுத்து வாங்க ஒன்பது நாள். விதிமுறையைப் படிக்கும்போதே மானியம் தருபவரின் நிதி அதிகாரிக்கு ஒரு வரி எழுதி, பதிலைக் கோப்பில் போட்டு வையுங்கள்: 'சதவீதம் நேரடிச் செலவின் மேலா, மொத்தத்தின் மேலா?'

அதைவிடப் பெரிய தவறு, பத்து சதவீதம் போதும் என்று நம்பியது. உங்கள் அமைப்பின் உண்மையான மறைமுகச் செலவு விகிதத்தை ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். வருடச் செலவு 100இல் பொதுச் செலவு 20, திட்டச் செலவு 80 என்றால் விகிதம் இருபது அல்ல, 20ஐ 80ஆல் வகுத்தால் வரும் இருபத்தைந்து. பத்து சதவீதம் தரும் ஒவ்வொரு மானியமும் மீதிப் பதினைந்தை உங்கள் பொது நிதியிலிருந்து உறிஞ்சுகிறது. மானியம் பெரிதாகப் பெரிதாக ஓட்டையும் பெரிதாகும். நிர்வாகச் செலவு குறைந்த அமைப்பே நல்ல அமைப்பு என்ற எண்ணம் தவறு என்று 2013இல் கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் உள்ளிட்ட, தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகளின் தலைவர்கள் அமெரிக்க நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார்கள். எண்ணம் அப்படியேதான் இருக்கிறது. வாதாடி நேரத்தை வீணாக்காமல், செலவுகளை நேரடித் தலைப்புக்கு நகர்த்துவதே வழி. கணக்காளரின் நேரத்தில் 15 சதவீதம் இந்தத் திட்டத்துக்கு, கண்காணிப்பு அலுவலரின் நேரத்தில் 30 சதவீதம், திட்டத் தணிக்கைக் கட்டணம், களவண்டிப் பராமரிப்பு, வங்கிக் கட்டணம் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தனி வரியாக எழுத வேண்டும். இதற்கு நேரப் பதிவேடு கட்டாயம். மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பிய பதிவேட்டைத் தணிக்கையாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். எல்லா நாளும் சரியாக நான்கு மணி நேரம் என்று யாருக்கும் வேலை அமைவதில்லை.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாக. வங்கிக் கடிதத்தில் அமைப்பின் பெயர் சுருக்கமாகவும் பதிவுச் சான்றிதழில் முழுதாகவும் இருந்ததால் ஒருமுறை அலைந்தோம். கையெழுத்து அதிகாரம் பெற்றவர் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார், தீர்மானம் மட்டும் அவர் பெயரிலேயே இருந்தது. அதற்கு இன்னொரு அலைச்சல். கடைசித் தேதி இரவு 11.59 என்றது கிரீன்விச் நேரம் என்பதைக் குழுவில் ஒருவர் தற்செயலாகக் கவனித்ததால் பிழைத்தோம். உங்கள் ஊர் கிரீன்விச்சுக்கு மேற்கே இருந்தால் உள்ளூர் நள்ளிரவுக்குப் பல மணி நேரம் முன்பே கதவு மூடிவிடும். பதிவுச் சான்று, மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, நிர்வாகக் குழுப் பட்டியல், வங்கிக் கடிதம், கையெழுத்துத் தீர்மானம், குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை, கொள்முதல் விதி ஆகியவற்றை ஒரே கோப்புறையில் வைத்து, ஒவ்வொன்றின் பெயரிலும் காலாவதித் தேதியைச் சேர்த்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது ஒருவரின் எழுத்துப்பூர்வமான வேலையாக இருக்க வேண்டும். எல்லோருடைய வேலை என்று விட்டால் யாரும் திறக்க மாட்டார்கள்.

சூடு ஆறாத இடம் இனிமேல்தான். முன்மொழிவில் '40 ஹெக்டேரில் நடவு' என்று இருந்தது. எழுதியது நிதி திரட்டல் குழு. களக்குழு தந்த குறிப்பில் இருந்ததோ '40 ஹெக்டேர் மீட்பு'. அதில் 15 ஹெக்டேர்தான் நடவு. மீதி 25இல் களைச்செடி அகற்றி, மேய்ச்சலையும் தீயையும் தடுத்து, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் வேரும் விதையும் தானாக எழவிடுவது. நல்ல முறை, செலவும் குறைவு. ஆனால் நடவு என்ற சொல் படிக்கச் சுவையாக இருந்தது, போட்டுவிட்டோம். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூன்று மீட்டருக்கு ஒன்று என்றால் ஹெக்டேருக்கு 1,111 கன்று. 15 ஹெக்டேருக்கு 16,665. 40 ஹெக்டேர் என்றால் 44,440. எங்கள் பட்ஜெட்டில் நாற்றங்காலுக்கு இருந்த பணம் முதல் எண்ணுக்கானது, ஒப்பந்தத்தில் இருந்த வாக்கு இரண்டாவது எண்ணுக்கானது. ஒரே ஒரு சொல்தான், இவ்வளவு தூரம் கொண்டுபோய்விட்டது.

மாற்று நடவையும் மறந்திருந்தோம். முதல் வருடத்தில் முப்பது சதவீதம் பட்டுப்போனால் 15 ஹெக்டேருக்கே ஏறக்குறைய 5,000 கன்று மறுபடி வேண்டும். அதனால் நாற்றங்காலில் எண்ணிக்கைக்கு மேல் வளர்ப்பதும், இரண்டாம் வருடக் கூலியும் பட்ஜெட்டில் இருந்தே ஆக வேண்டும். உண்ணிச்செடி போன்ற களைகளுக்கும் இதே கதை. முதல் வருடம் வெட்டி எடுத்ததோடு நிறுத்தினால், விட்டுப்போன அடிக்கட்டையும் மண்ணிலிருக்கும் விதையும் அடுத்த மழைக்குத் தழைத்து நிற்கும். குறைந்தது இரண்டு மூன்று வருடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஒரு வருட மானியத்தில் களை அகற்றுவதாக எழுதுபவர் அடுத்த வருடம் அதே களைக்கு மறுபடி பணம் கேட்கப் போகிறார், அவ்வளவுதான்.

ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று நன்கொடை கேட்பது இன்னொரு பொறி. கேட்க எளிது, தருபவருக்கும் பிடிக்கும். ஆனால் இயற்கையான புல்வெளியில் மரம் நடக்கூடாது, அங்கே மரமே சேதம். மர எண்ணிக்கைக்குப் பணம் வாங்கிவிட்டால் அந்தப் புல்வெளிமேல் கண் போகத் தொடங்கிவிடும். எண்ண வேண்டுமானால் பன்னிரண்டாம் மாதத்தில் உயிரோடிருக்கும் கன்றை எண்ணுங்கள்.

பணம் வந்த நேரமும் தப்பு. ஒப்பந்தம் இழுத்து, மழைக்காலம் பாதி போனபின் தொகை வந்தது. கன்றுகள் தயாராக இல்லை. பூர்வீக மரக்கன்று நடவுக்குத் தயாராக ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும், மெதுவாக வளரும் இனங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். முதல் வருட நடவு போயிற்று. முதல் தவணையில் 75 சதவீதம் செலவானால்தான் இரண்டாம் தவணை என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. நாங்கள் செலவழித்தது முப்பது சொச்சம். ஆக இரண்டாம் தவணை நின்றது, பத்து சதவீத மறைமுகத் தொகையும் அதோடு சேர்ந்து நின்றது. சம்பளம் போட முடியாத அந்த மாதம் வந்தது இப்படித்தான். தொடக்கத் தேதியை ஒப்பந்த நாளிலிருந்து கணக்கிடாதீர்கள், நடவு நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். முதல் தவணையில் பெரும்பங்கு நாற்றங்காலுக்கும் வேலிக்கும் போகும்படி எழுதுங்கள்.

மீண்ட விதம் இது. ஒளிக்கவில்லை, அதுதான் காப்பாற்றியது. எது நடக்கவில்லை, ஏன், புதிய மாத அட்டவணை என்ன, எந்தத் தலைப்பிலிருந்து எதற்கு எவ்வளவு மாற்ற வேண்டும் என்று மானியம் தருபவருக்கு இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினோம். தலைப்புகளுக்கு இடையே பத்து சதவீதம்வரை முன் அனுமதி இல்லாமல் மாற்றலாம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதற்கு மேல் என்றால் எழுத்தில் ஒப்புதல் வேண்டும், தொலைபேசியில் வாங்கிய 'சரி' தணிக்கையில் செல்லாது. கூடுதல் தொகை இல்லாத கால நீட்டிப்பு கேட்பதானால் திட்டம் முடிய 60 நாளுக்கு முன்பாவது கேளுங்கள், சில இடங்களில் 90. முடிந்த பிறகு கேட்டால் ஒப்பந்தமே உயிரோடு இருக்காது, அதை எப்படி நீட்டிப்பார்கள்? எங்கள் நடவுப் பரப்பு 15 ஹெக்டேர் என்று திருத்தப்பட்டது. அவர்களின் திட்ட அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: 'இதை ஏன் ஆறு மாதம் முன்பே சொல்லவில்லை?' பதில் இல்லை.

இதே நோய் சிறு நன்கொடைகளிலும் உண்டு. ஒரு வேண்டுகோள் கடிதத்தில் 'உங்கள் பணம் முழுதும் ஆமைக் குஞ்சுகளுக்கே' என்று எழுதினால், அந்தப் பணத்தில் கடற்கரைக் காவலரின் டார்ச் விளக்கு வாங்கவே யோசிக்க வேண்டும். 'ஆமைகள் போன்ற உயிரினங்களையும் அவற்றின் வாழிடத்தையும் காக்கும் பணிக்கு' என்று எழுதுங்கள். படிப்பவர் மனதில் ஆமையே நிற்கும், உங்கள் கையும் கட்டப்படாது. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு வேண்டுகோளையும் கணக்காளர் ஒருமுறை படிக்க வேண்டும் என்பது இப்போது எங்கள் விதி. எழுதுபவருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

பழைய பத்திகளை வெட்டி ஒட்டும்போது உயிரினத்தின் நிலையைச் சரிபாருங்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் ராட்சத பாண்டா 2016இலும் பனிச்சிறுத்தை 2017இலும் அருகிய இனம் என்ற நிலையிலிருந்து அழிவாய்ப்புள்ள இனம் என்ற, ஒரு படி ஆபத்து குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டன. 2015இல் எழுதிய பத்தியை அப்படியே அனுப்பினால் மதிப்பீட்டாளர் முதலில் அதைத்தான் வட்டமிடுவார், பிறகு மற்ற எண்களையும் சந்தேகத்தோடு படிப்பார். எங்களுக்கு வட்டம் விழுந்தது வேறொரு விலங்குக்கு, ஆனால் காரணம் இதேதான்.

அறிக்கையில் போகும் புகைப்படங்களில் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். கைபேசியில் எடுத்த படத்தின் கோப்பிலேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகியிருக்கலாம். அரிய பறவையின் கூட்டை நன்கொடையாளருக்குக் காட்டப்போய் வேட்டைக்காரனுக்கு வழி சொன்னதாக ஆகிவிடக்கூடாது. அனுப்புமுன் அதை நீக்குவது இரண்டு நிமிட வேலை. வரைபடத்திலும் துல்லியப் புள்ளி வேண்டாம், பத்து கிலோமீட்டர் கட்டம் போதும்.

குழுவின் இலக்கைப் பற்றி ஒன்று. ஐந்து முன்மொழிவுகள் காத்திருக்கின்றன, மொத்தம் 100. ஒன்று மட்டும் 60, மற்றவை தலா 10. எல்லாவற்றுக்கும் பாதி வாய்ப்பு என்று பெருக்கினால் எக்செல் 50 என்று காட்டும். பெரியது கைவிட்டால், மற்ற நான்கும் கிடைத்தாலும் 40தான். சம்பளத்தை அந்த ஐம்பதை வைத்துத் திட்டமிட்டோம். பெரிய ஒன்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு பட்டியல், சேர்த்து ஒரு பட்டியல் என இரண்டு வைத்திருங்கள், செலவுக்கு முதல் பட்டியலையே நம்புங்கள். திரட்டியதில் பங்கு தருகிறேன் என்று குழுவை ஊக்குவிக்கவும் பார்க்காதீர்கள். நிதி திரட்டுபவர்களின் தொழில்முறைச் சங்கமான அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரைசிங் புரொஃபஷனல்ஸ் அமைப்பின் நெறிமுறையே சதவீதக் கூலியைத் தடுக்கிறது. காரணம் நடைமுறையிலேயே தெரியும்: பங்குக்கு வேலை செய்பவர், எந்த நிபந்தனையோடு வரும் பணத்தையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

மாத நன்கொடையாளர்கள் நின்றுபோவது பெரும்பாலும் மனம் மாறியதால் என்று நினைத்திருந்தோம். பட்டியலை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் காலாவதியான கார்டு. கார்டு முடிய ஆறு வாரத்துக்கு முன் ஒரு குறுஞ்செய்தி, முடிந்த வாரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு, இரண்டு மட்டும்தான் சேர்த்தோம். அந்தப் பணத்தில் தலைப்பு இல்லை, நிபந்தனை இல்லை, வாடகைக்கும் சம்பளத்துக்கும் போகும். நான்கு மாத நெருக்கடியில் எங்களைத் தாங்கியது பெரிய மானியமல்ல, அந்தச் சிறு தொகைகள். நன்றிக் கடிதம் 48 மணி நேரத்துக்குள் போக வேண்டியதும் அவர்களுக்கே முதலில்.

இரண்டாம் கட்ட முன்மொழிவை இந்த முறை களக்குழுத் தலைவரும் கணக்காளரும் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார்கள். நடவு 15, இயற்கை மீட்பு 25 என்று பிரித்து எழுதியிருந்தது. கணக்காளரின் நேரம் 15 சதவீதம் என்ற வரி நேரடிச் செலவில் இருந்தது. அதற்கு விளக்கம் கேட்பார்கள் என்று மூன்று பக்கம் தயார் செய்து வைத்திருந்தோம். யாரும் கேட்கவில்லை, அப்படியே ஒப்புதல் வந்தது.