ரீஃபர் என்னும் குளிர்சாதன வண்டிக்குள் காற்று போக வழி விடுங்கள்

ஓசூர் பக்கம் ரோஜா ஏற்றும் இடமானாலும் சரி, சீசனில் கிருஷ்ணகிரி மாம்பழ லோடானாலும் சரி, ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது: "ரீஃபர்லதானே போவுது, போற வழியில சில்லுன்னு ஆயிடும்." ஆகாது. அந்த வண்டி ஏற்கெனவே குளிர்ந்த சரக்கை அதே குளிரில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் கட்டப்பட்டது. உச்சி வெயிலில் பறித்த பழத்தை நேராக ஏற்றினால் ஓரத்துப் பெட்டிகள் குளிரும், நடுவில் மாட்டிக்கொண்ட பெட்டிகள் சூடாகவே கிடக்கும். பறித்த பிறகும் பழம் மூச்சுவிடுகிறது, தானாகவே சூட்டைக் கக்குகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

ரீஃபர் ட்ரெய்லரைப் பார்த்தால் முன்பக்கச் சுவரில், டிரைவர் கேபினுக்குப் பின்னால், ஒரு குளிரூட்டும் மெஷின் துருத்திக்கொண்டிருக்கும். அதற்குத் தனி டீசல் இன்ஜின். தொப்பூர் கணவாயில் ஏதாவது விபத்தாகி மணிக்கணக்கில் வண்டிகள் நின்றாலும், லாரி இன்ஜினை அணைத்தாலும், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு வழி போட்டவர் அமெரிக்காவின் மினியாபொலிஸில் வேலை பார்த்த ஃபிரடெரிக் மெக்கின்லி ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவர். சின்ன வயதிலேயே ஆதரவை இழந்து, பள்ளிப் படிப்பையும் பாதியில் விட்டுவிட்டு, தானாகவே மெக்கானிக் வேலை கற்றவர். அதுவரை ஐஸும் உப்பும்தான் லாரிக்குக் குளிர்ச்சி. மெஷின் வைத்துப் பார்த்தவர்களுக்கோ ரோட்டின் குலுக்கலில் அது தாங்கவில்லை. ஜோன்ஸ் 1938 வாக்கில் குலுக்கலைத் தாங்கும் மெஷினைச் செய்து முதலில் வண்டிக்கு அடியில் மாட்டினார். சேறும் தூசியும் அடித்துப் பாழானதால் அதைத் தூக்கி முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. தொழிலதிபர் ஜோசப் நுமேரோவோடு சேர்ந்து அவர் நடத்திய கம்பெனிதான் ரீஃபர் மெஷின் செய்யும் இன்றைய தெர்மோ கிங். ஜோன்ஸ் 1961-இல் இறந்தார், அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 1991-இல்தான் அவர் பெயருக்கு வந்தது. இவ்வளவு தாமதம் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, காற்றுக்கு வருவோம். மெஷின் ஊதும் குளிர்காற்று கூரையை ஒட்டித் தொங்கும் துணிக்குழாய் வழியாகப் பின்கதவு வரை போய், கீழே இறங்கி, தரையில் நீளவாக்கில் இருக்கும் அலுமினியப் பள்ளங்கள் வழியாக முன்பக்கம் திரும்ப வேண்டும். இந்தச் சுற்று அறுந்தால் என்ன விலை கொடுத்து வாங்கிய மெஷினாலும் பயனில்லை. நம் ஆட்கள் இன்னும் பத்துப் பெட்டி போகட்டும் என்று மேல்வரிசையைத் துணிக்குழாயோடு முட்டவிட்டு, கடைசி வரிசையைக் கதவோடு நெருக்கி, கீழே கிழிந்த அட்டையைப் பரப்பிப் பள்ளங்களையும் மூடிவிடுகிறார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் சுற்றும் காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் முன்னால் டிஸ்ப்ளேயில் கேட்ட டிகிரி வந்துவிடும், கதவோரம் பெட்டிக்குள் பூ வதங்கிக்கொண்டிருக்கும்.

துறைமுகத்துக்குப் போகும் ரீஃபர் கன்டெய்னரில் இது தலைகீழ். அங்கே காற்று தரையிலிருந்து மேலே ஏறும். அதனால் பெட்டியின் அடியிலும் மேலேயும் உள்ள ஓட்டைகள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வரும்படி அடுக்க வேண்டும், உள்ளே போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஏற்றக் கூடாது.

வெளிச்சூடு உள்ளே வராமல் தடுக்கச் சுவருக்குள் இருக்கும் பஃப் நுரையும் சாதாரண விஷயமில்லை. ஐரோப்பாவில் சாதாரண லாரிக்கு 2.55 மீட்டர் அகலம்தான் அனுமதி, 45 மில்லிமீட்டருக்குக் குறையாத சுவர் கொண்ட ரீஃபருக்கு 2.60 மீட்டர். நுரைக்காக அந்த 5 சென்டிமீட்டரைச் சட்டமே விட்டுக்கொடுத்திருக்கிறது.

ஏற்றுவதற்கு முன் டிஸ்ப்ளேயை நம்பாமல் ஊசி தெர்மாமீட்டரை ஒரு பழத்துக்குள் குத்திப் பாருங்கள், அதுவும் அடுக்கின் நடுப்பெட்டிப் பழத்தில். காயான மாங்காய்க்கு 13 டிகிரி வாக்கில் போதும், அதைவிட ரொம்பக் குறைத்தால் தோல் கறுத்துப் பழுக்காமலே கெடும். ரோஜாவுக்கு 2 முதல் 4 டிகிரி வேண்டும். அப்புறம், வாடகையை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒரே வண்டியில் அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டிகிரியும் ஒத்துவராது, பழுக்கிற மாம்பழம் விடும் எத்திலீன் வாயு ரோஜாவின் ஆயுளையும் குறைத்துவிடும்.