ஆத்தங்குடிக் கல்லில் 28: கிளாரண்டன் எண் வார்த்த கணக்கு

முகப்புச் சுவருக்கு 8 அங்குலச் சதுரத்தில் ஒரு கதவு எண் கல். ஆத்தங்குடி முறையிலேயே, கண்ணாடி மேல் வார்ப்பது. எண் 28, உயரம் 120 மி.மீ., வெள்ளைத் தளத்தில் காவிச் சிவப்பு.

முதல் வார்ப்பு போடோனி என்ற அச்செழுத்து வடிவின் தடித்த வகையில். தாளில் அது அழகுதான். ஆனால் இந்த உயரத்தில் அதன் மெல்லிய கோடு 2 மி.மீ.தான் வருகிறது. நிறங்களைப் பிரித்து நிறுத்தும் தகர அச்சைத் தூக்கியதும் இரண்டு பக்க வெள்ளையும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே வந்தாலே கோடு போச்சு. 8-இன் உச்சியும் அடியும் கரைந்து வளையம் அறுந்தது.

இரண்டாவதற்கு கிளாரண்டன். 1845-இல் லண்டன் ஃபேன் தெரு எழுத்து வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி கொண்டுவந்தது. அச்சு வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். சாதாரண எழுத்து ஓடும் வரியில் ஒரு சொல்லை மட்டும் எடுப்பாகக் காட்டவும், அகராதியில் தலைச்சொல் போடவும் பிறந்த தடிமன் இது. பெரிதாக்கினாலும் நிற்கும், அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் மரப்பலகைகளில் குடைந்திருந்ததும் இந்தச் சாதிதான். தடித்த கோடு 24 மி.மீ. என்றால் மெல்லியது 9. இந்தக் கணக்கு சிமெண்டுக்குத் தாங்கும்.

அதைவிடப் பெரிய லாபம் செரிஃப், அதாவது கோட்டு முனையில் நீட்டும் சின்னக் கால், சேரும் இடத்தில். 2-இன் அடிக்கால் முனையில் மேல்நோக்கி நிற்கும் செரிஃப், மூலைமட்டமாக ஒட்டாமல் வளைந்து சேருகிறது. சதுர உள்மூலை என்றால் கலவை அங்கே பிடித்துக்கொண்டு, அச்சோடு பிய்ந்து வரும். வளைவில் வழுக்கி விட்டுவிடும். 6 மி.மீ. கம்பியில் தகரத்தைச் சுற்றி வளைத்தாலே அந்த வளைவு கிடைக்கிறது.

அச்சு: 1 மி.மீ. தகரம், 12 மி.மீ. உயரம். 8-இன் இரண்டு கண்ணும் தனித்தீவுகள். கம்பிப் பாலம் போட்டு வெளி வளையத்தோடு பற்ற வைக்கணும். பாலம் தகரத்தின் மேல் விளிம்பில்தான் இருக்கணும், கீழே இறங்கினால் கலவையில் கோடு விழும். கல்லின் முகம் கண்ணாடிப் பக்கம் என்பதால் எண்ணையும் வரிசையையும் இடவலம் திருப்பி வைக்கணும். 8 திரும்பினாலும் கண்ணுக்குத் தெரியாது, 2 காட்டிக்கொடுக்கும்.

நிறக்கலவை: வெள்ளைச் சிமெண்ட் 2 பங்கு, பளிங்குப் பொடி 1. காவி ஆக்சைடு சிமெண்ட் எடையில் 6 சதம். 10-ஐத் தாண்டினால் வலு குறையும். கரண்டியிலிருந்து தயிர் மாதிரி விழணும். மோர் மாதிரி ஓடினால் ஓரம் கசியும். இரண்டாவது கல்லில் 2-இன் தலைப்பக்க உருண்டை கழுத்தோடு ஒட்டிப்போனது அதனால்தான். எல்லா அறையிலும் 4 மி.மீ. சமமாக ஊற்றி, அச்சை நேர்மேலாகத் தூக்கி, உடனே உலர்ந்த சிமெண்ட்-மணல் தூவணும். அது ஈரத்தைக் குடித்து நிறத்தை நிறுத்தும். அப்புறம் பின்கலவை, மட்டம்.

ஒரு நாள் நிழல், 7 நாள் தண்ணீர்த் தொட்டி. கண்ணாடியை நெம்பக் கூடாது. நெம்பினால் 8-இன் கண் ஓரம்தான் முதலில் சிதறும்.

மூன்றாவது கல் எதிர்த் திண்ணையிலிருந்தே தெளிவாகப் படிக்க வருகிறது. தமிழில் விலாசம், அதாவது குடும்பத்தின் பெயர் முதலெழுத்துகள், வார்க்க நினைப்பவர்கள் தடிமனை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ‘பழ.’ மாதிரி எழுத்துக்குச் செரிஃப் கால் வைத்தால் சுழியே கெடுகிறது.

நான்காவதற்கு, உருண்டைக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள 5 மி.மீ. இடைவெளியை 7 ஆக்கி அச்சு தயார்.