1,100 கிலோ

அந்த அல்பீன் ஏ110, பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் கார், பட்டறைக்கு வந்த அன்று நான் முதலில் செய்தது தப்பான வேலை. அரை நாள் வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் மேற்குக் கரையில், லெ போர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் பட்டறை. புதுச்சேரியிலிருந்து நான் இங்கே வந்து பதினாலு வருஷம் ஆகிறது. வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை சின்ன கார்களும் கரும்புத் தோட்டத்துப் பிக்கப் வண்டிகளும்தான். ஸ்போர்ட்ஸ் கூபே ஒன்று வாசலில் நின்றால் எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்ப்போம்.

வண்டிக்காரர் சேன் லூயி பக்கத்து மல்பார் பெரியவர். தமிழ் வம்சாவளியினரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறார். வீட்டில் தீவின் கிரெயோல் மொழி பேசி வளர்ந்து, தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் என்பதால் பேச்சும் எழுத்துத் தமிழாகவே வரும். "தம்பி, முன்பெல்லாம் வளைவில் சக்கரம் நிலத்தில் பதிந்திருப்பது என் கைக்குத் தெரியும். இப்போது தெரியவில்லை. வண்டி துள்ளுகிறது" என்றார். சஸ்பென்ஷன் கோளாறை இவ்வளவு சரியாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதைக் கேட்டுவிட்டும் நான் அலைன்மென்ட் மிஷினைத் தேடிப் போனேன். கோணங்களில் சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தது, சரிசெய்தேன், ஓட்டிப் பார்த்தேன். துள்ளல் அப்படியே இருந்தது.

என்னோடு வேலை பார்க்கும் காரைக்கால் பையன்தான் கேட்டான்: "அண்ணே, இந்த ஸ்பிரிங் கம்பெனியோட வந்ததா? நிறமே வேறயா இருக்கே." லிஃப்டுக்கு அடியில் போய் நின்று பார்த்தேன். ஸ்பிரிங் வேறு, குட்டையானது. ரிம்மும் வேறு, 19 அங்குலம். டயர் ஒரு விரல் அகலம் கூடுதல். பெரியவரைக் கேட்டபோது, நண்பர் ஒருவர் சொல்லி வேறொரு இடத்தில் மாட்டியதாகச் சொன்னார். வண்டி தரையோடு ஒட்டி நின்றால் வளைவில் இன்னும் நன்றாகப் போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பல வண்டிகளுக்கு ஓரளவு பொருந்தவும் செய்யும். இந்த வண்டிக்குப் பொருந்தாது. ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு அடுத்த இரண்டு வாரம் தேவைப்பட்டது. கம்பெனி ஸ்பிரிங் பிரான்சிலிருந்து வரும்வரை வண்டி லிஃப்டிலேயே இருந்தது.

அல்பீன் என்ற பெயரே மலைப்பாதையிலிருந்து வந்தது. பிரான்சின் தியெப் ஊரில் ரெனோ வண்டிகள் விற்றுக்கொண்டிருந்த ழான் ரெதெலே, ஆல்ப்ஸ் மலை வளைவுகளில் பந்தய வண்டி ஓட்டிய சுகத்தை நினைத்து 1955ல் தொடங்கிய கம்பெனிக்கு அந்தப் பெயரை வைத்தார். அவருடைய பழைய ஏ110க்கு உடம்பு ஃபைபர்கிளாஸ், இன்ஜின் பின்னால், எடை எழுநூறு கிலோவைச் சுற்றி. உலக ராலி சாம்பியன்ஷிப் முதன்முதலாக நடந்த 1973ல் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது அதுதான். அந்தப் பெயரை மறுபடி எடுத்து 2017ல் ஜெனீவா கண்காட்சியில் காட்டிய புது வண்டியும் அதே தியெப்பில்தான் தயாரானது.

பெரியவரின் வண்டி அந்தப் புதுசு. இன்ஜின் 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ; அதாவது வெளியேறும் புகையால் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி உண்டு. 252 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் இழுவை. இந்த இன்ஜினை ரெனோவின் மெகான் ஆர்எஸ் காரிலும் பார்க்கலாம், அங்கே திறன் இதைவிட அதிகம். ஆக, இன்ஜினில் ரகசியம் ஒன்றும் இல்லை. நான் இத்தனை வருஷம் வண்டியை எடை போட்டது இன்ஜினை வைத்துத்தான்: எத்தனை குதிரை, டர்போ எவ்வளவு அழுத்தம் தருகிறது. இந்த வண்டி அந்தப் பழக்கத்தை மாற்றியது.

மொத்த எடை 1,100 கிலோதான். மெகானைவிட 300 கிலோவுக்கு மேல் குறைவு. சட்டமும் உடம்பும் அலுமினியம். பசையாலும் ரிவெட்டாலும் இணைத்தது. சாபெல்ட் கம்பெனி சீட் ஒன்று 13.1 கிலோ. நான் ஒற்றைக் கையில் தூக்கி வைத்தேன். பின் பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிபருக்குள்ளேயே ஹேண்ட்பிரேக் மோட்டாரையும் சேர்த்து 2.5 கிலோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். காசு காசாகப் பார்த்து வீடு கட்டிய குடும்பத்தின் கணக்கு நோட்டைப் படிப்பது போல இருந்தது எனக்கு. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது; அதைச் சமன்செய்ய பெட்ரோல் டேங்கை முன்னால் கொண்டுபோயிருக்கிறார்கள். எடை நூற்றுக்கு முன்னால் 44, பின்னால் 56 என்று பிரிகிறது.

எடை குறைந்ததால் வந்த லாபங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்கின்றன. முன் டயர் 205 மில்லிமீட்டர் அகலம் போதும். மெகான் ஆர்எஸ்ஸுக்கு 245 வேண்டியிருக்கிறது. டயர் ஒல்லியானதால் ஸ்டீயரிங் லேசாகவும் தெளிவாகவும் இருக்கிறது. நாலு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன், அதாவது மேலே ஒரு கை, கீழே ஒரு கை. வளைவில் உடம்பு சாய்ந்தாலும் டயர் நிமிர்ந்தே நிற்கும். அதனால் சாய்வைத் தடுக்க ஸ்பிரிங்கைக் கல்லாக்க வேண்டியதில்லை, மெத்தென்று விடலாம். எனக்கு மிகவும் பிடித்தது ஷாக் அப்சார்பரின் கடைசி அங்குலம். ஷாக் முழுசாக அமுங்கும்போது பொதுவாக ஒரு ரப்பர் கட்டை அடியை வாங்கிக்கொள்ளும். ரப்பர் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும், பந்து மாதிரி. இதில் ஷாக்குக்குள்ளேயே எண்ணெயை நெருக்கி அடியை விழுங்கும் ஏற்பாடு இருக்கிறது. விழுங்கியதைத் திருப்பித் தராது.

குட்டை ஸ்பிரிங் என்ன செய்தது என்பது இப்போது புரிந்திருக்கும். அவசரத்துக்கு வைத்த அந்தக் கடைசி அங்குலத்திலேயே வண்டியை நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டது.

ரிம் கதை அதைவிட மோசம். பழைய ரிம்மைப் பெரியவர் வீட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் டயரோடு தராசில் வைத்தோம். புதியது நாலு கிலோவுக்குக் குறையாமல் கூடுதல். நாலு கிலோ பெரிய விஷயமா என்று பையன் கேட்டான். டிக்கியில் வைத்தால் இல்லை. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கினால் பெரிய விஷயம். குழியில் விழுந்து எழும் சக்கரம் மறுபடி தரைக்கு வர எடுக்கும் நேரத்தில் அந்த டயருக்குப் பிடிப்பு இல்லை. சக்கரம் கனத்தால் அந்த நேரம் நீளும். கனமான வண்டி என்றால் மேலே இருக்கும் உடம்பு ஓரளவு அமுக்கிப் பிடிக்கும். லேசான வண்டிக்கு அந்த வசதி கிடையாது, சக்கரம் சொன்னபடி உடம்பு ஆடும். லேசான வண்டிக்குக் கனமான சக்கரம் மாட்டுவது, ஒல்லியான பிள்ளைக்குப் பெரியவர்களின் செருப்பை மாட்டி ஓடச் சொல்வதுதான்.

ஸ்பிரிங் வந்து, பழைய ரிம்மை மாட்டியதும் நானும் பையனும் மாயிதோ மலைக்கு ஓட்டிப் போனோம். சேன் போலில் கடல் மட்டத்தில் தொடங்கி, மேலே காட்சிமுனை 2,200 மீட்டர். டர்போவைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாதை இல்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத இன்ஜின் கிட்டத்தட்ட கால் பங்கு திறனை மலைக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு முனகிக்கொண்டே ஏறும். டர்போ இன்ஜின் கொடுக்காது. மெல்லிய காற்றை ஈடுகட்ட டர்பைன் இன்னும் வேகமாகச் சுற்றும், சிலிண்டருக்குப் போகும் அழுத்தம் குறையாது. ஆனால் சும்மா கிடைப்பதில்லை. கீழே உடனே வந்த இழுவை, மேலே தமரின் என்று இங்கே சொல்லும் அகேசியா வகை மரங்களுக்கு நடுவே, கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது ஒரு மூச்சு தாமதித்து வந்தது. இன்ஜினை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே விட்டால் தெரியும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் துடுப்பைத் தட்டி ஒரு கியர் இறக்கினால் சரியாகிவிடும்.

இறங்கும்போது பிரேக் மிதி கொஞ்சம் பஞ்சு போல ஆனது. வண்டியின் குற்றம் இல்லை, பிரேக் ஆயில் பழசு. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். எங்கள் தீவின் ஈரக்காற்றில் அது குடித்துக்கொண்டேதான் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்கிறது பொதுவான விதி. மலையில் குடியிருப்பவர்களுக்கு நான் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். முதல் நாளே இதைப் பார்த்திருக்க வேண்டும்.

வண்டியை ஒப்படைத்த அன்று பெரியவர் என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சேன் லூயியிலிருந்து மலை ஊரான சிலாவோஸ் வரை 37 கிலோமீட்டர், நானூறுக்கு மேல் வளைவுகள். ஒரு வண்டி மட்டுமே நுழையக்கூடிய குகைப்பாதைகள், எதிரே பஸ் வருமோ என்று ஹாரன் அடித்துக் காத்திருக்க வேண்டிய திருப்பங்கள், மழைக்குப் பிறகு மேலிருந்து உருண்டு கிடக்கும் கற்கள். அறுபதுக்கு மேல் போக முடியாத பாதை அது. அந்த வேகத்திலேயே இவ்வளவு நடக்கிற வண்டியை நான் வேறு பார்த்ததில்லை. திருப்பத்துக்கு முன் மூக்கு லேசாகக் குனியும், திருப்பும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து அங்கேயே நிதானமாக நிற்கும், நம் இடுப்புக்குப் பக்கத்திலேயே வண்டி சுழல்கிறது என்று தோன்றும். மிகக் குறுகிய கொண்டை ஊசியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உள்பக்கப் பின்சக்கரம் ஒரு நொடி வீணாகச் சுற்றுகிறது. வீணாகச் சுற்றும் சக்கரத்தைக் கட்டுப்படுத்தி மற்றதற்குத் திறனை அனுப்பும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரென்ஷியல் இல்லை, பிரேக்கை வைத்தே சமாளிக்கிறார்கள். அது ஒன்றுதான் எனக்குக் குறை. பெரியவருக்கு அதுவும் குறையாகப் படவில்லை.

பாதி வழியில், ஒரு வளைவின் நடுவே, மழை அரித்த குழி. அவர் ஒதுங்கவில்லை. வேண்டுமென்றே அதன்மேல் விட்டார். தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டீயரிங் அசையவில்லை.

"கைக்குத் தெரியுதா ஐயா?" என்று கேட்டேன்.

"தெரிகிறது, தம்பி" என்றார். அடுத்த குகைப்பாதை வந்தது, ஹாரன் அடித்தார்.